முகத்தை இழுத்துத் தைக்க எவ்வளவு ஆகும்? (கேள்வி-பதில்)

கோவை வாசகி: வயது 56. கன்னமும் கழுத்தும் தொங்குகின்றன. ஃபேஸ்லிஃப்டுக்கு ஓரிடத்தில் 95 ஆயிரம், இன்னோரிடத்தில் 1.80 லட்சம், மூன்றாவது இடத்தில் 3 லட்சம் கேட்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: என்ன வேலை, எதற்கு எவ்வளவு என்று எழுதித் தருபவரை. மூன்று பேரும் ஒரே வேலைக்கு விலை சொல்லியிருக்க மாட்டார்கள். 95 ஆயிரம் பெரும்பாலும் 'மினி'யாக இருக்கும். காதோரம் சின்னதாகக் கீறி இழுப்பார்கள், கழுத்துக்கு அது அவ்வளவாக எட்டாது. முழு ஃபேஸ்லிஃப்டில் பொட்டுப் பக்க முடியோரம் தொடங்கி, காதுக்கு முன்னால் இறங்கி, மடலைச் சுற்றிப் பின்பக்கம் வரை கீறல் போகும். தோலுக்கு அடியில் உள்ள படலத்தையும் இழுத்துத் தைப்பார்கள்.

'பேக்கேஜ்' என்று சொல்லியிருப்பார்களே? அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டாக்டர் ஃபீஸ், மயக்க மருந்து நிபுணர், ஆபரேஷன் தியேட்டர், அறை, ரத்தப் பரிசோதனை, மருந்து, முகத்தில் கட்டும் இறுக்கப் பட்டை என எது உள்ளே, எது வெளியே என்று விலை பேசும் ஆஸ்பத்திரி ஊழியர் வாயைத் திறக்க மாட்டார். மற்ற சிகிச்சைகளுக்கு உள்ள வரிவிலக்கு அழகுக்கான அறுவை சிகிச்சைக்குக் கிடையாது. ஜிஎஸ்டி 18 சதவீதம். 1.80 லட்சத்துக்கு 32,400 ரூபாய். முகத்தில் கட்டோடு பில் கவுன்ட்டரில் நின்று அதற்காகச் சண்டை போட யாருக்குத் தெம்பு இருக்கும்? அது அவர்களுக்கும் தெரியும். அப்புறம், தோலுக்கடியில் ரத்தம் கட்டி மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனால் செலவு யாருடையது என்றும் கேளுங்கள். இதில் அதிகம் வரும் சிக்கலே அதுதான், பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும். 'இன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால் தள்ளுபடி' என்றால் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். ஆடித் தள்ளுபடியில் நான் வாங்கிய இரண்டாவது மிக்ஸி பரணில் கிடக்கிறது. முகத்தைப் பரணில் போட முடியாது.

மதுரை வாசகர்: மெடிக்ளைம் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகு சீரமைப்பது என்றால் கதை வேறு.

வேலூர் வாசகி: க்ரீமிலேயே தொங்கும் தோல் ஏறாதா?

பதில்: ஏறாது. 1,900 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது கடைசியில் குதிகால் வெடிப்புக்குத்தான் உதவியது.

திருச்சி வாசகர்: வயது 58. பிபி மாத்திரை சாப்பிடுகிறேன். தினம் ஒரு பாக்கெட் சிகரெட். அடுத்த மாதம் மகள் கல்யாணம். அதற்குள் செய்துகொள்ளலாமா?

பதில்: சார், கல்யாணம் உங்கள் மகளுக்கு. வீக்கமும் கன்றிய நீலமும் வடியவே இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆண்களுக்கு, அதிலும் பிபி உள்ளவர்களுக்கு, ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு கூடுதல். சிகரெட்டால் ரத்த ஓட்டம் குறைந்து காதோரத் தோல் கறுத்துச் செத்தும் போகலாம். சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்திவிட்டு எழுதுங்கள்.

சேலம் வாசகி: எங்கள் ஊர் பியூட்டி பார்லரில் பாதி விலைக்குச் செய்கிறார்களாம். டாக்டர் சென்னையிலிருந்து வருவாராம். போகலாமா?

பதில்: எந்த டாக்டர்? பெயரைக்கூடக் கேட்கவில்லை, விலையை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். 2016-இல் சென்னையில் இப்படியோர் இடத்தில் முடி நடவு செய்துகொண்ட மருத்துவ மாணவரே இறந்துபோனார். எம்.சிஎச். அல்லது டிஎன்பி பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா, மருத்துவ கவுன்சில் பதிவு எண் என்ன, மயக்க மருந்து நிபுணர் கடைசிவரை கூட இருப்பாரா என்று கேளுங்கள். பார்லரில் இதற்குப் பதில் வராது.

தஞ்சாவூர் வாசகி: 2.40 லட்சம் கொடுத்துச் செய்து எட்டு மாதம் ஆகிறது. காது மடல் இழுபட்டுக் கன்னத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. 'போகப் போகச் சரியாகும்' என்கிறார்கள், கேஸ் ஷீட் தர மறுக்கிறார்கள். வீட்டிலோ 'இந்த வயதில் உனக்கு எதற்கு' என்ற பேச்சு.

பதில்: வீட்டுப் பேச்சை விடுங்கள் அம்மா. உங்கள் காசு, உங்கள் முகம். தோலை அளவுக்கு மீறி இழுத்துத் தைத்தால் மடல் இப்படி ஆகும். இனி தானாகச் சரியாகாது, ஆனால் சரிசெய்ய முடியும். அதற்கு முன் நேராகவும் பக்கவாட்டிலும் போட்டோ எடுத்து வையுங்கள். கேஸ் ஷீட், ஆபரேஷன் குறிப்பு, ஒப்புதல் படிவம் எல்லாவற்றுக்கும் நகல் கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் எழுதுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகள் சொல்கின்றன. வேறொரு பிளாஸ்டிக் சர்ஜனிடம், அரசு மருத்துவமனையில் என்றால் இன்னும் நல்லது, கருத்தை எழுத்தில் வாங்குங்கள். காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். நீங்கள் கட்டிய தொகைக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது. வழி கேட்க நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள். நோட்டீஸ் போனதும், 'இலவசமாக மறுபடி செய்கிறோம், இதில் கையெழுத்து மட்டும் போடுங்கள்' என்று கூப்பிட வாய்ப்புண்டு. வக்கீல் படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.