ரசத்தில் தக்காளி இருக்கட்டும், மாத்திரை நிற்க வேண்டாம்

கேள்வி: கோத்தகிரியில் இருந்து எழுதுகிறேன். 52 வயதாகும் என் கணவருக்கு மூளையில் கிளியோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க் கட்டி. கோவையில் அறுவை சிகிச்சை முடிந்தது. மூளையில் ஊறும் குளூட்டமேட்தான் கட்டியை வளர்க்கிறது என்று மகன் படித்துச் சொன்னான். அன்று முதல் அது இருக்கும் தக்காளி, காளான் சமைப்பதில்லை; மூளைக்கு வேலை கூடாதென்று செய்தித்தாளையும் ஒளித்து வைக்கிறேன். ஒரு மாதமாக வலிப்பு இல்லை. இனியும் அந்த வலிப்பு மாத்திரை தேவையா?

பதில்: மகன் படித்தது பொய்யல்ல. நரம்பணுக்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் முக்கிய வேதிப்பொருள் குளூட்டமேட். கட்டியின் செல்கள் நரம்பணுக்களோடு நேரடி இணைப்புப் போட்டுக்கொண்டு, அந்தச் சமிக்ஞையை வாங்கி வளர்வதை 2019-இல் ஸ்டான்போர்டு, ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். கட்டியும் தன் பங்குக்குக் குளூட்டமேட்டைக் கசியவிட்டு அக்கம்பக்க நரம்பணுக்களைக் கிளறிவிடுகிறது. வலிப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் அது மூளைக்குள்ளேயே உண்டாகும் சரக்கு. சாப்பாட்டில் வருவதில் பெரும்பகுதியைக் குடலே செலவழித்துவிடும். மிஞ்சுவதும் மூளையின் காவலைத் தாண்டுவது அரிது. சிகிச்சையில் உடம்பு இளைக்கும் நேரம் இது. அவருக்குப் பிடித்ததைச் சமைத்துக் கொடுங்கள்.

செய்தித்தாளைப் பற்றி எழுதியதுதான் என்னை மிகவும் வருத்தியது. மூளை தூக்கத்தில்கூடச் சும்மா இருப்பதில்லை. படிக்காமல், பேசாமல் இருந்தால் கட்டி அடங்கும் என்பதற்கு ஆதாரமே கிடையாது. இன்றே எடுத்துக் கொடுங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு வராமல் இருப்பதே அதனால்தான் இருக்கும். திடீரென விட்டால் அடுக்கடுக்காக வரலாம். கட்டியைக் கரைக்கும் என்று நம்பி அளவைக் கூட்டவும் வேண்டாம். குளூட்டமேட்டின் வாசலை அடைக்கும் மருந்துகள் கட்டியை அடக்குமா என்பது இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது.

அறுவைக்குப் பின் தரும் கதிர்வீச்சுச் சிகிச்சை வழக்கமாக வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம் நடக்கும். முடிந்தால் அதுவரை கோவையிலேயே தங்குங்கள். மலைப்பாதை வளைவுகளில் வாந்தியோடு மாத்திரையும் வெளியே வந்துவிட்டால், மறுபடி கொடுக்கலாமா என்று மருத்துவரைப் போனில் கேளுங்கள்.

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். அதைத் தேடும் நேரத்தில் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். மலையில் வண்டி வந்துசேரத் தாமதமாகலாம்; அதனால் மூக்கில் அடிக்கும் அவசர மருந்து அவருக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டுவையுங்கள். எழுதிக் கொடுத்தால், சாவி மாட்டும் ஆணிக்குப் பக்கத்திலேயே ஒரு பையில் தொங்கட்டும்.