எஸ்டிமேட் 6,348 ரூபாய், பில் 13,900 ரூபாய்!

கேள்வி: ஈரோட்டில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். என் சின்ன பெட்ரோல் காருக்கு நான்கு வயது, 32,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கூடுதல் வாரன்டி இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. வருடாந்திர சர்வீசுக்கு டீலரிடம் விட்டபோது 6,348 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்தார்கள். வகுப்பில் இருந்தபோது போன் வந்தது. "மேடம், இன்ஜெக்டர்ல அழுக்கு இருக்கு, இன்னும் சில வேலையும் இருக்கு. விட்டா இன்ஜின் போயிடும்" என்றார் அட்வைசர். "சரி, பாருங்க" என்று வைத்துவிட்டேன். மாலையில் பில் 13,900 ரூபாய். இவற்றை வேண்டாம் என்றால் வாரன்டி போய்விடுமா? கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய பில்லைப் பார்த்தேன். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், லேபர் எல்லாம் எஸ்டிமேட்டில் இருந்தபடியே இருக்கின்றன. கூடுதலாக ஏறியவை நான்கு: இன்ஜெக்டர் (இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்) கிளீனிங் 1,600, ஏசி கிருமிநீக்கம் 1,100, இன்டீரியர் கிளீனிங் 1,500, அண்டர்பாடி கோட்டிங் (காரின் அடிப்பாகம் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசுவது) 2,200. மொத்தம் 6,400 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி மட்டுமே 1,152. இந்த நான்கில் ஒன்றுகூட காரோடு வந்த கையேட்டின் சர்வீஸ் அட்டவணையில் இருக்காது. எடுத்துப் பாருங்கள், எத்தனையாவது கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும் என்று கட்டம் போட்டுக் கொடுத்திருப்பார்கள். காரைச் செய்த கம்பெனியே கேட்காத வேலையை டீலர் கேட்கிறார் என்றால், காரணம் சொல்ல வேண்டியது அவர்தான்.

வாரன்டி பயம் வேண்டாம். அது எதிர்பார்ப்பது அட்டவணைப்படியான சர்வீசை, உரிய நேரத்தில், சொன்ன தரத்து ஆயிலோடு. கோட்டிங் போடாததால் வாரன்டி போகாது. வெளியே சர்வீஸ் செய்தாலே வாரன்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக்கூடாது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014-லேயே 14 கார் கம்பெனிகளுக்கு எதிரான உத்தரவில் சொன்னது. வழக்கு பிறகு மேல்முறையீட்டுக்குப் போனது. அதனால் வாரன்டி முடியும்வரை அட்டவணை சர்வீசை டீலரிடமே செய்துகொள்வது சிக்கல் இல்லாத வழி. கூடுதல் வேலைக்குத்தான் தலையாட்டக் கூடாது.

அதற்காக அட்வைசர் சொல்வதெல்லாம் பொய் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு மாத இலக்கு உண்டு, இந்த மாதிரி வேலைகளுக்கு இன்சென்டிவ் உண்டு. ஆனால் அவர் சொல்வதில் உண்மையான வேலையும் இருக்கும். பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்றால் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று கேளுங்கள். 3 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் பேரம் பேசாமல் மாற்றுங்கள். பிரேக் ஆயில், கூலன்ட் மாற்றுவதும் அட்டவணையில் வரும், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். இன்ஜெக்டர் என்றால், வண்டி நின்ற இடத்தில் நடுங்குகிறதா, மைலேஜ் குறைந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. நீங்கள் இரண்டையும் சொல்லவில்லை. அண்டர்பாடி கோட்டிங், உப்புக்காற்று அடிக்கும் தூத்துக்குடி, நாகப்பட்டினம் வண்டிக்கு அர்த்தமுள்ள செலவு. ஈரோட்டில் ஓடும் காருக்கு எதற்கு?

பணம் திரும்பக் கிடைப்பது கஷ்டம். நீங்கள் போனில் சொன்ன அந்த "சரி"யைத்தான் அவர்கள் ஒப்புதலாகக் காட்டுவார்கள். ஆனாலும் நான்கு வேலைக்கும் தனித்தனியாக விலை சொல்லித்தான் கேட்டார்களா என்று டீலரின் சர்வீஸ் மேனேஜருக்கு ஈமெயில் அனுப்புங்கள், கார் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கும் ஒரு காப்பி போகட்டும். சர்வீஸ் முடிந்ததும் கம்பெனியிலிருந்து மார்க் கேட்டு போன் வருமே, "பத்துக்குப் பத்து கொடுத்துடுங்க மேடம்" என்று அட்வைசர் கெஞ்சுவாரே, அதற்கு அங்கே அவ்வளவு மதிப்பு. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. லேபர் தொகையில் கொஞ்சம் கழித்துக் கொடுத்தாலே லாபம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சர்வீசில் பில் ஏறாமல் இருக்க, வண்டியை விடும்போது வேலைகளை எழுதித் தரும் ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும்போதே இதைத் தீர்த்துவிட வேண்டும். அட்டவணை சர்வீஸ் மட்டும், மற்ற எதற்கும் எழுத்தில் ஒப்புதல் வேண்டும் என்று அந்தத் தாளிலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். போன் வந்தால், "போட்டோவும் ரேட்டும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொன்னால் போதும். உண்மையான வேலை என்றால் போட்டோ வரும். மற்றவை பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடும். ஏசி ஃபில்டரை நீங்களே மாற்றலாம். பல கார்களில் அது டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கும், ஸ்க்ரூ டிரைவர்கூடத் தேவைப்படாது. இன்ஷூரன்ஸ் புதுப்பிப்பையும் டீலரிடமே செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அப்புறம், வருடத்துக்கு 8,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள். இன்னும் இரண்டு வருடத்தில் டயர் மாற்ற வேண்டி வரும், உங்கள் காருக்கு நான்கு டயரும் சேர்த்து 20,000 ரூபாய் பக்கம் ஆகும். இந்தத் தடவை கூடுதலாகப் போன 7,552 ரூபாயை வருடா வருடம் இந்த மாதிரி வேலைகளுக்குக் கொடுப்பதைவிட, மாதம் 800 ரூபாய்க்கு வங்கியில் ஆர்.டி. போடுங்கள். 24 மாதத்தில் 19,200 ரூபாய், வட்டி தனி. நான்கு வயது பேட்டரி எப்போது வேண்டுமானாலும் மக்கர் பண்ணும். அதற்கான பணத்தை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.