வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது: பக்கவாதமா, முகநரம்பா?

கேள்வி: அம்மாவுக்கு 46 வயது. தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். சனிக்கிழமை இடது காதுக்குப் பின்னால் குத்துகிறது என்றார். ஞாயிறு காலை வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாக வழிந்தது. வாய் வலது பக்கம் இழுத்துக்கொண்டது, இடது கண் மூடவில்லை. இரண்டு வருடமாகச் சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மின் எடுக்கிறார். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) சிலர் பனிக்காற்று அடித்துவிட்டது, எண்ணெய் போட்டு உருவினால் சரியாகும் என்கிறார்கள். சிலர் பக்கவாதம், உடனே ஸ்கேன் எடு என்கிறார்கள். இன்று செவ்வாய். என்ன செய்வது?

பதில்: இது முகநரம்பு வாதமாக இருந்தால் 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கவேண்டும், அந்த நேரம் நாளை காலையோடு முடிகிறது. அதனால் இன்றைக்கே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மிச்சத்தைப் போகிற பஸ்ஸில் படித்துக்கொள்ளலாம்.

கிளம்புமுன் ஒரு நிமிடச் சோதனை. அம்மாவை வெளிச்சத்தில் உட்காரவைத்து, தலையை அசைக்காமல் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பக்க நெற்றியிலும் கோடு விழுகிறதா? நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. மூளையின் ஒரு பக்கம் அடைபட்டு வரும் பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றி பெரும்பாலும் சுருங்கும். நரம்பு மூளையை விட்டு வெளியேறிய பிறகு கெட்டால், அந்தப் பக்கத்தில் நெற்றி, கண், வாய் மூன்றும் சேர்ந்தே ஓய்ந்துபோகும். இடது நெற்றி வழவழவென்று கோடில்லாமல் கிடந்தால், காதுக்குப் பின் வலித்ததையும் சேர்த்துப் பார்க்கையில், இது 7ஆம் மூளை நரம்பான முகநரம்பின் வாதம்தான் என்று பெரும்பாலும் சொல்லலாம். அந்த நரம்பை 1821இல் விவரித்த சார்ல்ஸ் பெல் என்ற ஸ்கொட்லாந்து மருத்துவரின் பெயரால் இதைப் பெல் வாதம் என்கிறோம்.

நெற்றி நன்றாகச் சுருங்கினால் கதை வேறு, அது பக்கவாதமாக இருக்கலாம், பஸ்ஸுக்கு நிற்காதீர்கள். நெற்றி எப்படி இருந்தாலும் கை கால் தளர்வு, நடையில் தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, சொல் வராமல் திணறுவது, சொன்னது புரியாமல் விழிப்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் பஸ்ஸுக்கு நிற்காமல் 1990 சுவசெரிய ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். உதடு சேராததால் ப, ம எழுத்துகள் குழறுவது மட்டும் முகவாதத்திலும் உண்டு. அதைக் கண்டு பயப்படவேண்டாம்.

இந்த நரம்பு ஏன் இப்படிச் சட்டென்று ஓய்கிறது? காது மடலுக்குப் பின்னால் விரல் வைத்தால் ஓர் எலும்பு முட்டு தட்டுப்படும். மூளையிலிருந்து வரும் முகநரம்பு, காது எலும்புக்குள் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழாயில் வளைந்து வளைந்து வந்து, அந்த முட்டுக்குச் சற்று முன்னால்தான் வெளியே வருகிறது. குழாயின் மிகக் குறுகிய இடம் 1 மில்லிமீட்டரும் இல்லை. அதற்குள் நரம்பு வீங்கினால் விரிய இடமில்லை. தன் இரத்த ஓட்டத்தைத் தானே நெரித்துக்கொள்கிறது. வீக்கத்துக்கு, உடம்பில் உறங்கிக் கிடந்த ஹெர்பீஸ் வைரஸ் விழித்துக்கொள்வது காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் வலுவானது. பனிக்காற்றின் மேல் பழி போட நம் மலைநாட்டில் எல்லோருக்கும் சுலபம், ஆனால் கொழும்பு வெயிலிலும் இதே நோய் வருகிறது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல்.

இதே நரம்புதான் நாக்கின் முன்பக்கச் சுவையையும், காதுக்குள் சத்தத்தைத் தணிக்கும் ஒரு சின்னத் தசையையும் கவனிக்கிறது. அதனால் சம்பல் சப்பென்று இருக்கிறது, கோயில் லவுட்ஸ்பீக்கர் காதைக் குடைகிறது என்று அம்மா சொன்னால் புது நோய் என்று எண்ணவேண்டாம். கன்னம் மரத்தது போலவும் தோன்றும். ஆனால் தொடு உணர்வு 5ஆம் நரம்பின் வேலை. பஞ்சால் தொட்டால் அம்மாவுக்குத் தெரியும். தெரியவே இல்லை என்றால் டாக்டரிடம் அதைத் தவறாமல் சொல்லுங்கள். போகுமுன் டார்ச் அடித்து இடது காதுக்குள்ளும் மடலிலும் பாருங்கள். நீர்க்கொப்புளம் இருந்தால் அது அக்கி வைரஸ். வீக்கம் குறைக்கும் ஸ்டீரொய்ட் மருந்தோடு, வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 5 தடவை, 7 நாள் தேவைப்படும். காதில் சீழ் வடிந்தாலும் காட்டுங்கள்.

பெல் வாதத்துக்கு மருந்து பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட். 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு முதல் 5 நாள் தினம் 60 மில்லிகிராம், பிறகு நாளுக்கு 10 குறைத்து 10ஆம் நாளோடு நிறுத்துவது. சிலர் 50 மில்லிகிராம் வீதம் 10 நாள் தருவார்கள். 5 மில்லிகிராம் மாத்திரையாகக் கிடைத்தால் முதல் நாட்களில் ஒரே தடவையில் 12 மாத்திரை. எண்ணிக்கையைக் கண்டு பாதியாகக் குறைத்துவிடாதீர்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கவேண்டும். வயிற்றுப்புண், காசநோய் முன்பு இருந்திருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

அம்மாவின் விஷயத்தில் சீனியைப் பற்றி இரண்டு வார்த்தை. இந்த மருந்து சீனியை ஏற்றும், அதுவும் பிற்பகலிலும் மாலையிலும். காலை வெறும் வயிற்றில் பார்த்தால் நன்றாகவே இருப்பது போலத் தெரியும். அந்த 10 நாளில் மாலையிலும் பார்க்க ஏற்பாடு கேளுங்கள். மெட்ஃபோர்மினை நிறுத்தாதீர்கள். சீனிக்குப் பயந்து ஸ்டீரொய்டை மறுப்பதும் சரியல்ல.

வாய்தான் எல்லோர் கண்ணிலும் படும். எனக்குக் கவலை கண்ணைப் பற்றியது. இமையைத் திறப்பது 3ஆம் நரம்பு, மூடுவது 7ஆம் நரம்பு. மூடுகிற நரம்பு ஓய்ந்ததால் கண் திறந்தே கிடக்கிறது, தூக்கத்திலும்கூட. கருவிழி காய்ந்து புண்பட்டால் முகம் நேரானாலும் பார்வை திரும்பாமல் போகலாம். பகலில் ஒன்று இரண்டு மணிக்கு ஒருமுறை செயற்கைக் கண்ணீர்த் துளி விடுங்கள். இரவில் கண் களிம்பைக் கீழிமைக்குள் ஓர் அரிசி நீளம் இட்டு, விரலால் மேலிமையை முழுக்க இறக்கிப் பிடித்து, மெல்லிய மெடிக்கல் டேப்பைக் குறுக்காக ஒட்டுங்கள். பலர் பஞ்சை நேரே கண்மேல் வைத்துக் கட்டிவிடுகிறார்கள். உள்ளே கண் திறந்துகொண்டால் அந்தப் பஞ்சே கருவிழியைச் சுரண்டும். கண் சிவந்தால், வலித்தால், மங்கினால் அன்றே கண் டாக்டர். எண்ணெய் உருவுவதை நான் வேண்டாம் என்பதும் இதனால்தான்: வழிகிற எண்ணெயைச் சிமிட்டித் தள்ள அந்தக் கண்ணால் முடியாது. இழுத்து இழுத்துத் தேய்த்தால் குழாய்க்குள் இருக்கும் வீக்கம் வற்றப்போவதுமில்லை.

சாப்பிட்டபின் இடது கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் சோறோ வெற்றிலையோ தங்கும். விரல் விட்டு எடுத்துக் கொப்பளிக்கவேண்டும். கரண்ட் வைக்கும் சிகிச்சைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். தசை அசையத் தொடங்கியபின் கண்ணாடி முன் மெதுவாக, சின்னச் சின்ன அசைவாக, 5 நிமிடம் பழகினால் போதும். முழுப் பலத்தோடு முக்கிப் பழகினால் சிரிக்கும்போது கண்ணும் சேர்ந்து மூடும் கோளாறு வரலாம். சோதனையில் வேறு அறிகுறி எதுவும் இல்லையென்றால் ஸ்கேன் இப்போது வேண்டியதில்லை.

மருந்தே இல்லாமலும் 10 பேரில் 7 பேர் முழுக்கத் தேறுகிறார்கள். நேரத்தோடு மருந்து எடுத்தால் இன்னும் அதிகம் பேர். 3 வாரத்துக்குள் பலருக்கு ஓர் அசைவாவது தெரியும். நரம்பு இழை அழிந்திருந்தால் நாளுக்கு 1 மில்லிமீட்டர் அளவில்தான் வளரும், மாதக்கணக்காகும். வாரக்கணக்கில் தளர்வு கூடிக்கொண்டே போனாலோ, மறுபக்கமும் விழுந்தாலோ, 3 மாதம் ஆகியும் அசைவே இல்லை என்றாலோ நரம்பியல் கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அப்போது ஸ்கேன் தேவைப்படும்.

இடது கண் தானாக முழுக்க மூடும்வரை அம்மாவை மலைக்கு அனுப்பாதீர்கள். தேயிலைச் செடி குச்சி குத்தினாலும், மருந்தடிக்கும்போது சாரல் பட்டாலும் அந்த இமை காப்பாற்றாது. இன்றைக்கு ஆஸ்பத்திரியில் மருந்துத் துண்டு வாங்கும்போதே பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) கொடுக்க மருத்துவச் சான்றிதழையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.