டயாலிசிஸ் நீரை டி.டி.எஸ். மீட்டர் மட்டும் அளந்துவிடுமா?

கேள்வி: என் கணவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. அதை வீட்டிலேயே செய்துகொள்ளும் முறைக்கு மாறுவது பற்றி மருத்துவரிடம் பேசி வருகிறோம். சமையலறையில் உள்ள ஆர்.ஓ. இயந்திரத்தின் நீரில் டி.டி.எஸ். 20 என்றுதான் காட்டுகிறது. அந்த நீரையே டயாலிசிஸ் இயந்திரத்துக்குக் கொடுத்தால் போதாதா?

பதில்: போதாது. அந்த 20 என்ற எண்ணை நம்பி முடிவெடுக்கவும் வேண்டாம். டி.டி.எஸ். மீட்டர் நீரில் மின்சாரம் எந்த அளவுக்குக் கடக்கிறது என்பதை அளந்து, அதிலிருந்து கரைந்துள்ள உப்புகளின் அளவைக் கணக்கிட்டுச் சொல்லும் கருவி. பாக்டீரியா, அது இறந்தபின் விட்டுச்செல்லும் எண்டோடாக்சின் என்னும் நச்சு, குழாய் நீரில் கிருமிநாசினியாகச் சேர்க்கப்படும் குளோரமின் ஆகிய மூன்றும் அதன் கண்ணில் படுவதில்லை.

நாம் நாளொன்றுக்கு 2 லிட்டர் குடித்தால் வாரத்துக்கு 14 லிட்டர் ஆகிறது. அதில் தேவையற்றதைக் குடலும் சிறுநீரகமும் பெருமளவு தடுத்துவிடுகின்றன. டயாலிசிஸில் நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் வீதம் நான்கு மணி நேரம் திரவம் ஓடினால் ஒரு முறைக்கே 120 லிட்டர் செலவாகும்; வாரத்துக்கு 360 லிட்டர். அத்தனை நீருக்கும் உங்கள் கணவரின் இரத்தத்துக்கும் நடுவே, இரத்தத்தை வடிகட்டும் டயலைசரின் மெல்லிய சவ்வு ஒன்று மட்டுமே இருக்கிறது. ஆகவே குடிக்கத் தகுந்த நீர் என்பதாலேயே அது டயாலிசிஸுக்கும் தகுந்தது என்று கொள்ள முடியாது. படிகாரம் இட்டுத் தெளியவைத்த நீரில் எஞ்சிய அலுமினியம் நோயாளிகளின் மூளையையும் எலும்பையும் பாதித்ததை 1970-களிலேயே மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். இன்று டயாலிசிஸ் நீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் அலுமினியம் இருக்கக் கூடாது என்பது வரம்பு. வீட்டு டயாலிசிஸுக்கென்றே தனி நீர் அமைப்புகள் உள்ளன. உங்கள் வீட்டுக் குழாய் நீரை ஆய்வகத்தில் சோதித்து, அதற்கேற்ற அமைப்பை மருத்துவக் குழுவே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேள்வி: நான் செல்லும் மையத்தில் ஒவ்வொரு ஷிஃப்ட் தொடங்கும் முன்பும் டெக்னீஷியன் கார்பன் தொட்டியின் நீரை எடுத்துச் சோதிக்கிறார். அதனால் சில நாள் தாமதமாகிறது. ஆர்.ஓ. எல்லாவற்றையும் வடிகட்டிவிடும்போது இது எதற்கு?

பதில்: அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள், அவர் செய்வதுதான் அந்த நாளின் மிக முக்கியமான சோதனை. குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லச் சேர்க்கப்படும் குளோரமினை ஆர்.ஓ. சவ்வு போதிய அளவு தடுப்பதில்லை. அது இரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். குளோரினோ சவ்வையே அரித்துவிடும். இவ்விரண்டையும் நிறுத்துவது ஆர்.ஓ.வுக்கு முன்னால் நிற்கும் கார்பன்தான். எனவேதான் இரண்டு தொட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, நீர் கார்பனுடன் மொத்தம் 10 நிமிடமாவது தொடர்பில் இருக்குமாறு அமைக்கிறார்கள். முதல் தொட்டிக்கும் இரண்டாவது தொட்டிக்கும் நடுவில் மாதிரி எடுப்பதில் ஒரு நுட்பம் உண்டு: முதல் தொட்டி தளர்ந்துவிட்டது என்று தெரியும் நேரத்தில் இரண்டாவது தொட்டி இன்னும் காவலுக்கு நிற்கும். மொத்தக் குளோரின் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டினால் இரண்டாவது தொட்டிக்குப் பின்னும் சோதிக்க வேண்டும். அங்கும் தாண்டினால் டயாலிசிஸை நிறுத்தியே ஆக வேண்டும். பிரேசிலின் கருவாரு நகரில் 1996-இல், நீலப்பச்சைப் பாசியின் நச்சு கலந்த நீர் போதிய சுத்திகரிப்பின்றி டயாலிசிஸ் மையத்தை அடைந்ததால் 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் ஈரல் செயலிழந்து இறந்தார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: ஆர்.ஓ.விலிருந்து வெளிவரும் நீர் தூய்மையானது என்றால், குழாய்களுக்கு ஏன் மாதந்தோறும் கிருமிநீக்கம் செய்கிறார்கள்?

பதில்: தூய்மையானது என்பதே காரணம். குளோரினை நீக்கிய பிறகு அந்த நீருக்குக் கிருமியை எதிர்க்கும் சக்தி எதுவும் இல்லை. நீர் ஓடாமல் தேங்கும் சிறு கிளைக்குழாய் ஒன்று இருந்தாலே போதும், உட்சுவரில் பாக்டீரியா படலமாகப் படிந்துவிடும். புற ஊதா விளக்கு அவற்றைக் கொன்றாலும் எண்டோடாக்சினை அகற்றாது. நீரில் பாக்டீரியா மில்லிலிட்டருக்கு 100 என்ற எண்ணிக்கைக்குக் கீழ் இருக்க வேண்டும். ஆனால் 50-ஐத் தொட்டவுடனேயே நடவடிக்கை எடுக்க வேண்டும், ஏனெனில் மாதிரியில் உள்ள பாக்டீரியாவை வளரவிட்டு எண்ணும் வளர்ப்புச் சோதனையின் முடிவு கைக்கு வரப் பல நாள் ஆகிவிடும். கிருமிநாசினி பாய்ச்சிய பின் அதன் எச்சம் துளியும் இல்லை என்று சோதித்துப் பார்க்காமல் நோயாளியை இணைக்கவே கூடாது. இந்தச் சோதனையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு, கூச்சப்பட வேண்டாம்.

டயாலிசிஸ் தொடங்கியபின் குளிர்நடுக்கம், காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஏற்பட்டாலோ, குழாயில் ஓடும் இரத்தம் வழக்கத்துக்கு மாறான நிறத்தில் தெரிந்தாலோ உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்கும் அதே தொந்தரவு என்றால், அதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒரே நேரத்தில் பலருக்கு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நீரைத்தான்.