சர்வதேச ஒப்பந்தங்களை அரசுகள் எப்படிப் பேசித் திருத்துகின்றன?

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் திருத்தம், விலகல், ஆட்சேபம் பற்றிய விதிகள் இருக்கும். பேச்சுவார்த்தை எங்கே போய் முடியும் என்பதைப் பெரும்பாலும் அவைதான் தீர்மானிக்கின்றன. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் தென் அமெரிக்காவின் பொலிவியா.

1961-ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தம், கோக்கைன் எடுக்கப்படும் கோக்கா இலையை மெல்வதை 25 ஆண்டுகளுக்குள் ஒழிக்கச் சொல்கிறது. நம்மூர் வெற்றிலை போல ஆண்டிஸ் மலை மக்கள் தலைமுறை தலைமுறையாக வாயில் அடக்கிக்கொள்ளும் இலை அது. அந்த மக்களைக் கேட்காமலே எழுதப்பட்ட விதி என்பதால் எனக்கு இதில் இன்றும் கோபம் உண்டு. 2009-ல் வந்த பொலிவியாவின் புதிய அரசியலமைப்போ அந்த இலையைத் தன் பண்பாட்டுச் சொத்து என்கிறது.

அதே 2009-ல் அதிபர் ஈவோ மொராலெஸ், வியன்னாவில் நடந்த ஐ.நா. கூட்டத்திலேயே இலையை மென்று காட்டினார். அப்புறம் அந்த வாசகத்தை நீக்கச் சொல்லி முறைப்படி திருத்தம் கொடுத்தார்கள். விதி இதுதான்: 18 மாதங்களுக்குள் ஒரு நாடுகூட ஆட்சேபிக்காவிட்டால் திருத்தம் தானாக அமலாகிவிடும். அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான் உட்பட 18 நாடுகள் ஆட்சேபித்தன. ஒன்றைத் தொட்டால் ஒப்பந்தம் முழுவதும் தளர்ந்துவிடும் என்பது அவர்கள் வாதம். திருத்தம் அங்கேயே நின்றது.

சரி, அடுத்து என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். ஜூலை 1-க்குள் விலகல் கடிதம் கொடுத்தால், அடுத்த ஜனவரி 1-ல் அது அமலாகும். பொலிவியா 2011 ஜூன் கடைசியில் கொடுத்தது. 2012 ஜனவரியில் வெளியேறிய கையோடு, கோக்கா இலை தொடர்பான விதிகள் மட்டும் தன்னைக் கட்டுப்படுத்தாது என்ற நிபந்தனையுடன் மறுபடி சேர விண்ணப்பித்தது. இந்த நிபந்தனையைத் தடுக்க, உறுப்பு நாடுகளில் மூன்றில் ஒரு பங்கு ஓராண்டுக்குள் ஆட்சேபிக்க வேண்டும். அதாவது 60-க்கும் மேற்பட்ட நாடுகள். ஆட்சேபித்தவை 15. 2013 பிப்ரவரியில் பொலிவியா உள்ளே வந்துவிட்டது.

எதிர்ப்பின் அளவு இரண்டு முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் முறை பேசாதிருந்த நாடுகளால் ஒரு பயனும் இல்லை; இரண்டாம் முறை அவற்றின் மௌனமே சம்மதமாகக் கணக்கானது. சிறிய நாட்டின் ராஜதந்திரிகள் விதியை வரிவரியாகப் படித்து வைத்திருந்தார்கள். அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனாலும் இது பாதி வெற்றிதான். நிபந்தனை பொலிவிய மண்ணுக்குள் மட்டுமே செல்லும். ஒப்பந்த வாசகம் மாறவில்லை. கோக்கா இலை இன்னும் கோக்கைனோடு ஒரே பட்டியலில் இருக்கிறது. அதிலிருந்து எடுக்க, உலக சுகாதார நிறுவனம் ஆராய்ந்து பரிந்துரைக்க வேண்டும், வியன்னாவில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் வாக்களிக்க வேண்டும். அந்த ஆய்வையும் 2023-ல் பொலிவியாதான் கேட்டு வாங்கியது.