கேளுங்கள், சொல்கிறோம்: நேவியும் இல்லை, புறாத்தீவும் இல்லை

உவர்மலையிலிருந்து ஒரு வாசகி: என் தம்பியின் மகன் அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் டைவிங் கோச்சாகச் சேர்ந்திருக்கிறான். யாரிடம் சொன்னாலும் “நேவியிலயா?” என்கிறார்கள், இல்லாவிட்டால் புறாத்தீவில் சுற்றுலாக்காரருக்குப் பவளப்பாறை காட்டுகிற வேலையா என்கிறார்கள். அது உண்மையில் என்ன உத்தியோகம்? நிலைக்குமா?

அக்கா, பிழை சொந்தக்காரர்மேல் இல்லை, நம் ஊர்மேல். திருகோணமலையில் டைவிங் என்றால் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவதுதான். நேவிக்காரர் சுழியோடி, சங்கு எடுப்பவர் குளியாள், 1956இல் கோணேசர் மலையடியில் கடலுக்குள் கிடந்த கோயில் இடிபாடுகளைக் கண்ட மைக் வில்சனும் அந்த வகைதான். உங்கள் மருமகன் பழக்குவது உயரத்திலிருந்து குளத்துக்குள் பாயும் விளையாட்டை, அதில் தண்ணீருக்குக் கீழே ஒன்றும் நடப்பதில்லை. எல்லாம் தண்ணீருக்கு மேலே, அதுவும் இரண்டு செக்கனுக்குள்.

நீச்சல் குளத்தின் ஓரத்தில் 1 மீற்றர், 3 மீற்றர் உயரத்தில் துள்ளும் பலகைகள் இருக்கும், பெரிய குளங்களில் 10 மீற்றர் வரை ஆடாத மேடைகளும் இருக்கும். அங்கிருந்து கரணம் போட்டு, முறுக்கி, கடைசியில் தண்ணீர் தெறிக்காமல் ஊசிபோல உள்ளே போகவேண்டும். 10 மீற்றரிலிருந்து விழுகிறவர் தண்ணீரைத் தொடும்போது மணிக்கு 50 கிலோமீற்றர் வேகம் இருக்கும். கந்தளாய் வீதியில் மோட்டார் சைக்கிளில் போகிற வேகம், ஹெல்மெட் மட்டும் இல்லை.

அந்தப் பிள்ளைகளைப் பழக்குவதுதான் கோச்சின் வேலை, ஆனால் அவர் குளத்தில் இறங்குவதே இல்லை என்று சொல்லலாம். பாதி நேரம் குளத்துக்கு வெளியே துள்ளுவலையில் (ட்ரம்போலின்) போகும். பிள்ளையின் இடுப்பில் பெல்ட் கட்டி, மேலே கப்பியில் ஓடும் கயிற்றைக் கோச் கையில் பிடித்திருப்பார், கரணம் தவறினால் ஒரே இழுவையில் ஆள் அந்தரத்தில் நிற்கும். அப்புறம் பலகைக்குப் போனால் பிடிக்கக் கயிறு இல்லை, குரல்தான். புதிதாக ஒரு கரணம் பழகுகிற பிள்ளைக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது, கூரையும் தண்ணீரும் மாறி மாறிச் சுற்றும். கீழே நிற்கிற கோச் சரியான கணத்தில் கத்துவார், சத்தம் கேட்டதும் உடம்பை விரிக்கவேண்டும். முன்பக்கக் கரணத்தில் கொஞ்சம் முந்திக் கத்தினால் பிள்ளைக்கு முகத்தில் அடி, பிந்தினால் முதுகில். முதுகு சிவந்து கரையேறுகிற பிள்ளையைப் பத்து நிமிடத்தில் திரும்பவும் அதே பலகையில் ஏற்றவேண்டும், திட்டியும் ஏற்ற முடியாது, கெஞ்சியும் ஏற்ற முடியாது. என்னைக் கேட்டால் சம்பளம் அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான்.

கணக்கும் பார்க்கவேண்டும். சாதாரணக் கல்லூரிப் போட்டியில் மூன்று நடுவர் இருந்தால் அவர்கள் பத்துக்குப் போடும் புள்ளிகளைக் கூட்டி, பாய்ச்சலின் கடின எண்ணால் பெருக்குவார்கள். 3 மீற்றரில் உடம்பை இடுப்பில் மடித்துப் போடும் முன்பக்க இரண்டரைக் கரணத்துக்கு 2.4, மூன்றரைக்கு 3.1. இரண்டரையைச் சுத்தமாகச் செய்து மூவரிடமும் ஏழு வாங்கினால் 50.4 புள்ளி. மூன்றரையை இழுத்துப் பறித்துச் செய்து ஐந்து வாங்கினால் 46.5தான். பொடியன்கள் எப்போதும் மூன்றரைதான் செய்வேன் என்று நிற்பார்கள், கோச்சுக்குத் தலையிடி.

நிலைக்குமா என்றால், ஒளிக்காமல் சொல்கிறேன். அங்கே நீச்சலும் டைவிங்கும் ஒரே அணி, புள்ளியும் ஒன்றாகத்தான் சேரும். தலைமைக் கோச் பெரும்பாலும் நீச்சல்காரர். டைவிங் கோச் என்பவர் தனி ஆள், கையில் ஒரு சில பிள்ளைகள், சின்னக் கல்லூரிகளில் பகுதிநேரச் சம்பளம். மிச்ச வருமானத்துக்குக் கிளப்பில் சின்னப் பிள்ளைகளைப் பழக்குவார்கள். கல்லூரி அணியையே மூடினால் வேலையும் போச்சு. 2020இல், கொரோனா நேரம், மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகமும் அயோவா பல்கலைக்கழகமும் ஆண், பெண் இரண்டு அணிகளையும் நிறுத்துவதாக அறிவித்தன, அயோவாவில் பெண்கள் அணி மட்டும் பிறகு தப்பியது. ஆனால் ஒரே இடத்தில் முப்பது வருடம் இருந்தவர்களும் உண்டு. மருமகன் இளம் ஆள் என்றால் பயப்படாதீர்கள், கிளப் வேலையை மட்டும் விடவேண்டாம் என்று சொல்லுங்கள்.

மூதூரிலிருந்து ஓர் ஆசிரியர்: கோச்சாக வர ஒலிம்பிக் பதக்கம் வேண்டுமா?

வேண்டாம் சேர். ஹோபி பில்லிங்ஸ்லி என்று ஒருவர், இண்டியானா பல்கலைக்கழகத்தில் 1959 முதல் 1989 வரை டைவிங் கோச். கல்லூரிக் காலத்தில் அமெரிக்கக் கல்லூரிச் சாம்பியன், ஒலிம்பிக்கில் தான் பாய்ந்ததில்லை. ஆனால் நியூட்டனின் விதிகளைப் படித்து, கரணம் எங்கே தொடங்குகிறது, முறுக்கு எங்கிருந்து வருகிறது என்று பலகைக்குக் கொண்டுவந்து விளக்கினார். 1964 டோக்கியோவில் அவருடைய இரண்டு மாணவர்கள் தங்கம் வாங்கினார்கள். உங்கள் பௌதிகப் பாடம் எடுக்கிற பொடியன்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

பதக்கத்தோடு வந்தவர்களும் இல்லாமல் இல்லை. சம்மி லீ 1948இலும் 1952இலும் 10 மீற்றரில் தங்கம், தொழில் காது மூக்குத் தொண்டை வைத்தியம், அதற்கிடையில், பின்னாளில் நான்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய கிரெக் லுகானிஸைப் பழக்கி 1976இல் வெள்ளி வாங்க வைத்தார். 1972இல் தங்கம் வாங்கிய மிக்கி கிங், அமெரிக்க விமானப்படை அக்கடமியில் ஆண் பிள்ளைகளுக்குக் கோச்சாக இருந்தார். பெண் கோச் என்று முகம் சுளிக்கிற நம்மூர் விளையாட்டுப் பொறுப்பாசிரியர்கள் கவனிக்க.

திருக்கடலூரிலிருந்து ஒரு தம்பி, வயது 15: நாங்கள் இறங்குதுறையிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து பழகுகிறோம். இப்படியே பழகினால் வரலாமா?

தம்பி, முதலில் அதை நிற்பாட்டு. 10 மீற்றர் மேடைக்குக் கீழே ஐந்து மீற்றர் ஆழம் வைத்துக் குளம் கட்டுகிறார்கள், உன் இறங்குதுறைக்குக் கீழே ஆழம் எவ்வளவு, போன மாரிக்கு மணல் எங்கே நகர்ந்தது, பழைய நங்கூரம் எதுவும் கிடக்கிறதா, யாருக்குத் தெரியும்? கழுத்தெலும்பு ஒருமுறை உடைந்தால் கதை முடிந்தது. தண்ணீரைக் கொஞ்ச நாள் விடு. பள்ளியில் ஜிம்னாஸ்டிக்ஸ் இருந்தால் சேர், மெத்தையில் கரணம் பழகு, கையை நிலத்தில் ஊன்றித் தலைகீழாக ஒரு நிமிடம் ஆடாமல் நில். லுகானிஸே சின்ன வயதில் நடனமும் ஜிம்னாஸ்டிக்ஸும் பழகித்தான் பலகைக்கு வந்தார்.

அதே தம்பி: உங்களுக்கு டைவ் அடிக்கத் தெரியுமா?

ஒரே ஒரு தடவை, பதினான்கு வயதில், நீ சொன்ன அதே இறங்குதுறையிலிருந்து. தலை முதலில் போகும் என்று நினைத்தேன், வயிறு முதலில் போனது. அன்று இரவு குப்புறப் படுக்க முடியவில்லை, அம்மா கேட்டதற்கு வெயில் என்று சொன்னேன்.