சிந்தியா ஆன் பார்க்கரின் படம்

அன்புள்ள ஐயா,

சிந்தியா ஆன் பார்க்கர் என்ற அமெரிக்கப் பெண்ணின் பழைய புகைப்படம் ஒன்றைப் பார்த்தேன். சிறுவயதில் கொமாஞ்சிப் பழங்குடியினர் தூக்கிச் சென்று, 24 வருடம் கழித்து மீட்கப்பட்டவராம். மீட்ட பிறகு எடுத்த படம் என்கிறார்கள், ஆனால் முகத்தில் சந்தோஷத்தின் சாயலே இல்லை. அப்பாவைக் கொன்றவர்களிடமே திரும்பிப் போகத் துடித்தார் என்றும் படித்தேன். கடத்தியவர்கள் மேலேயே பாசம் வைத்துவிடும் மனக்கோளாறுதானே இது? இல்லை, கொமாஞ்சிகள் நல்லவர்கள், கொடுமை என்பதெல்லாம் வெள்ளைக்காரர்கள் கட்டிவிட்ட கதையா?

ச., மதுரை

அன்புள்ள ச.,

படத்தில் அவருடைய தலைமுடியைக் கவனித்தீர்களா? ஒட்ட வெட்டியிருக்கும். நெருங்கியவர்கள் இறந்தால் கொமாஞ்சிப் பெண்கள் முடியை அறுத்துக்கொள்வார்கள். 1861 வாக்கில் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் ஊரில் எடுத்த படம் அது. உடம்பில் குடியேறிகளின் துணி, மடியில் பால் குடிக்கும் பெண் குழந்தை. அந்தக் கோலத்தில் அவர் துக்கம் காத்துக்கொண்டிருக்கிறார். கணவர் பெடா நோகோனா செத்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறார்கள். குவானா, பெகோஸ் என்ற இரண்டு மகன்களும் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாது. முகத்தில் சந்தோஷம் எங்கிருந்து வரும்?

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். கொடுமை கட்டுக்கதை இல்லை. 1836 மே 19 அன்று பார்க்கர் குடும்பத்தின் மரக்கோட்டை தாக்கப்பட்டபோது சிந்தியாவின் அப்பா, தாத்தா உட்பட ஐந்து ஆண்கள் கொல்லப்பட்டார்கள். ஐந்து பேரைப் பிடித்துச் சென்றார்கள். அதில் ஒருவர் சிந்தியாவின் பெரியப்பா மகள் ரேச்சல் பிளம்மர். கர்ப்பிணி. கைதியாக இருக்கும்போது பிறந்த பிள்ளையை அவர் கண்முன்னாலேயே கொன்றார்கள். பகலில் எருமைத் தோல் பதப்படுத்த வேண்டும், இரவில் குதிரைகளைக் காவல் காக்க வேண்டும். வியாபாரிகள் பணம் கொடுத்து மீட்டு, ஊர் திரும்பி, 1838-ல் தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். அடுத்த வருடமே இறந்துவிட்டார். அவரோடு பிடிபட்ட மூத்த மகனை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. இதைப் படித்துவிட்டு 'சூதுவாது தெரியாத மக்கள்' என்று யாராவது கொமாஞ்சிகளைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஒரே தாக்குதல், ஒரே குடும்பம். ஆனாலும் சிந்தியாவுக்கு வேறு வாழ்க்கை அமைந்தது. காரணம் வயது. அப்போது அவருக்கு ஒன்பது வயது இருக்கும். பெரியம்மையாலும் போர்களாலும் ஆள் குறைந்துபோன கொமாஞ்சிகள், பிடித்துவந்த சிறு பிள்ளைகளைப் பல சமயம் சொந்தப் பிள்ளைகளாக வளர்த்தார்கள். வளர்ந்தபின் அந்தப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. சிந்தியாவும் அப்படித்தான் அவர்கள் வீட்டுப் பெண்ணாக வளர்ந்து, பெடா நோகோனாவைக் கல்யாணம் செய்து, மூன்று பிள்ளைகள் பெற்றார். 1840-களில் அமெரிக்க அதிகாரிகள் விலை பேசிப் பார்த்தார்கள். அவரை விட்டுக்கொடுக்க அந்த மக்கள் சம்மதிக்கவில்லை. அவருக்கும் வர மனமில்லை.

நீங்கள் சொல்லும் மனக்கோளாறு 1973-ல் ஸ்டாக்ஹோமில் ஒரு வங்கிக்குள் ஆறு நாள் பணயமாக அடைபட்டிருந்தவர்களை வைத்துப் பேச ஆரம்பித்த விஷயம். அந்த அளவுகோலை 24 வருட வாழ்க்கைக்கு நீட்டுவது சரியில்லை. தன் பிள்ளைகளிடம் போகவேண்டும் என்று ஒரு தாய் அழுதால் அதற்கு நோயின் பெயர் வைக்க வேண்டுமா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

1860 டிசம்பரில் பீஸ் ஆற்றங்கரையில் இருந்த ஒரு கொமாஞ்சி முகாமை சல் ராஸ் தலைமையில் டெக்சாஸ் ரேஞ்சர்கள் என்ற எல்லைக் காவல் படையினரும் ராணுவத்தினரும் தாக்கினார்கள். அங்கே செத்தவர்களில் பெண்களும் உண்டு. பிடிபட்ட ஒருத்தியின் கண்கள் நீலமாக இருப்பதைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்தது. பெரியப்பா ஐசக் பார்க்கர் வந்து பெயரைச் சொன்னதும் அவர் தன்னைத் தொட்டுக் காட்டினார். பெடா நோகோனாவை அன்று கொன்றதாக ராஸ் சொல்லிக்கொண்டார். அப்பா அந்த இடத்திலேயே இல்லை என்று குவானா கடைசிவரை மறுத்தார். இந்தச் சண்டையின் புகழோடு ராஸ் பின்னாளில் டெக்சாஸ் கவர்னராகவும் ஆனார்.

டெக்சாஸ் சட்டமன்றம் சிந்தியாவுக்குத் தாராளமாகத்தான் கொடுத்தது. 4,428 ஏக்கர் நிலம், ஐந்து வருடத்துக்கு ஆண்டுக்கு 100 டாலர். கூடவே பார்க்கர் குடும்பத்து உறவினர்கள் இருவரைப் பாதுகாவலர்களாகவும் நியமித்தது. முப்பது வயதைத் தாண்டிய, மூன்று பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பாதுகாவலர்! குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் தப்பிக்கப் பார்த்தார், பலமுறை. ஒவ்வொரு முறையும் பிடித்துக்கொண்டுவந்தார்கள். பார்க்கர் குடும்பத்தைக் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். ரேச்சலின் அப்பா ஜேம்ஸ், காணாமல்போனவர்களைத் தேடி வருடக்கணக்கில் அலைந்தவர். அவர்கள் தேடியது ஒன்பது வயதுப் பெண்ணை. வந்து சேர்ந்ததோ மகன்களைத் தேடும் ஒரு தாய். அந்தத் தாய்க்காக அவர்கள் எதுவும் செய்யவில்லை, அதுதான் என் வருத்தம்.

சில வருடங்களில் அந்தப் பெண் குழந்தை டோப்சன்னா காய்ச்சலில் இறந்தாள். 1870 வாக்கில் சிந்தியாவும் போய்விட்டார். மகன்களைப் பார்க்கவில்லை.

குவானா 1875-ல் தன் கூட்டத்தாருடன் அமெரிக்க ராணுவத்தின் ஃபோர்ட் சில் கோட்டையில் சரணடைந்தார். அம்மாவின் குடும்பப் பெயரைச் சேர்த்துக்கொண்டு குவானா பார்க்கர் ஆனார். அம்மாவின் படம் யாரிடமாவது இருக்கிறதா என்று அவர் செய்தித்தாளில் விளம்பரம் கொடுக்க, பிரதி அனுப்பி வைத்தவர் யார் தெரியுமா? அதே சல் ராஸ். அதைப் பார்த்து வரைந்த ஓவியத்தை வீட்டில் மாட்டிவைத்திருந்தார் குவானா. அம்மாவின் கல்லறையையும் தேடிக் கண்டுபிடித்து, 1910-ல் எலும்புகளை ஓக்லஹோமாவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார். மறுவருடம் அவரும் இறந்து, பக்கத்திலேயே புதைக்கப்பட்டார். 1957-ல் ராணுவம் ஏவுகணைத் தளத்துக்காக அந்த நிலத்தை எடுத்துக்கொண்டு, இருவரையும் ஃபோர்ட் சில் கல்லறைக்கு மாற்றியது.

அன்புடன்